இரண்டு கட்சித் தட்டுகள்

என் மனைவியின் பாட்டு பதினெட்டு கேசட்டுகளில் இருந்தது. கல்கத்தாவின் லேக் மார்க்கெட் சபாவில் நவராத்திரிதோறும் அவள் பாடியதை நானே பதிவு செய்தேன். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தேதி, இடம், ராகம் மூன்றையும் என் குரலில் அறிவித்திருப்பேன். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் அவளால் பேச முடிந்தது, பாட முடியவில்லை.

அந்த ஊர் மழையில் கேசட்டுகளில் பூஞ்சை ஏறியது. டிவிடிக்கு மாற்றிவிடத் தீர்மானித்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. கம்பெனிகள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒன்று மைனஸ் என்றும் மற்றது பிளஸ் என்றும் இரண்டு வகை டிவிடித் தட்டு விற்றன. தன் தட்டே நூறு வருடம் வாழும், எதிராளியுடையது குப்பை என்று இரண்டுமே அட்டையில் சொல்லின.

"எது நிலைக்கும்?" என்று சாந்தினி சந்தைக் கடைக்காரரைக் கேட்டேன்.

"எலெக்ஷன்தான் தாதா. முதல்ல ஓட்டைப் போடுங்க" என்று, அண்ணன் முறை வைத்து, வங்காளியில் சொல்லிச் சிரித்தார்.

நான் வங்கிக்காரன். பெட்டக அறையின் மாற்றுச் சாவியை எங்கள் கிளையில் வைக்க மாட்டோம். வேறு கிளைக்கு அனுப்பிவிடுவோம். அதே முறையில் கேசட்டுக்கு ஒரு தட்டாக, ஒரு பிரதியை மைனஸிலும் இன்னொன்றை பிளஸிலும் எழுதினேன். என் கருவி மைனஸை மட்டுமே எழுதும் என்பதால், பிளஸுக்காக அலுவலக நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கினேன். பிறகு கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட எடுத்தேன்.

"அதுவும் ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி.

"ரெண்டு கட்சியும் சேர்ந்தா தோக்கும்?" என்றேன். போட்டுவிட்டேன்.

மூன்று மழைக்காலம் கழிந்தது. மைனஸ் தட்டு திக்கி நின்றது. பிளஸை எடுத்தேன், அதுவும் நின்றது. முப்பத்தாறையும் போட்டுப் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் நடுவளையத்தைப் படித்தபோது, இரண்டு கட்சித் தட்டுகளிலும் ஒரே தொழிற்சாலையின் அதே பொடி எழுத்துகள். சண்டை அட்டையில் மட்டும்தான். இரண்டு கம்பெனிகளுக்கும் எழுதினேன். எதிர்க்கட்சிக் கருவியில் போட்டதுதான் காரணம் என்று இரண்டும் பதில் போட்டன, கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில். படித்ததும் கை கழுவ வேண்டும் போலிருந்தது.

அடுத்த முறை கடைக்குப் போனபோது நீல ஒளியில் எழுதும் புதுவகைத் தட்டுக்கு மறுபடி இரண்டு கட்சி, இரண்டு வண்ண விளம்பரத் தாள்கள். "இந்தத் தடவை எந்தப் பக்கம், தாதா?" என்றார் கடைக்காரர். தாள்களை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சபாவில் அவள் கடைசியாகப் பாடிய நாளின் தட்டை அன்று மீண்டும் போட்டேன். முதல் சில விநாடிகள் மட்டும் சுத்தமாக ஓடின: தேதி, இடம், "ராகம் தோடி". தம்புரா ஒருமுறை ஒலித்தது. நின்றது. மற்ற தட்டுகளிலும் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

"உங்க குரல் நன்னாத்தான் விழுந்திருக்கு" என்றாள் மனைவி, கரகரப்பாக.

கருவியை அணைத்தேன். என் குரலைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது.