முழங்கையில் தடவிய பொடி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நாட்டு மருந்துக் கடையில் நிற்கிறோம். நாளை ராஜபாளையத்தில் உள்ள அத்தை வீட்டுக்கு என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன மாதம் பூசிய க்ரீமால் அவள் கன்னம் இன்னும் கருத்துக் கிடக்கிறது. கஸ்தூரி மஞ்சளும் ஆவாரம்பூவும் கலந்த பொடி கேட்கிறாள்.

கடைக்கார அம்மா பொடியைக் குழைத்து அவள் முழங்கையின் உள்பக்கம் தடவுகிறார்.

"செத்த நேரம் பொறு தாயி. நாட்டு மருந்துன்னாலும் எல்லாருக்கும் ஒத்துக்கிடாது."

ஒரு பஸ் போகிறது. இன்னொன்றும் போகிறது. செல்வி கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தடவிய இடம் சிவந்து தடிக்கிறது.

அந்த அம்மா அவசரமாகக் கழுவிவிடுகிறார். "இது ஒனக்கு ஆகாது. மொகத்துல ஒண்ணும் போடாத, டாக்டர்ட்ட காட்டு."

"அப்ப நாளைக்கு?" என்கிறேன் பதற்றமாக.

செல்வி நிமிர்கிறாள். "இந்த மொகத்தோடயே உக்காருதேன் அண்ணே. பிடிச்சா பேசட்டும்."