நாலு ஸ்டீல் ஹோஸும் ஒரு துருக் குழாயும்

"மேற்படி வாகனத்தின் பிரேக் தொகுதியில் அனுமதியின்றிச் செய்யப்பட்ட மாற்றமே விபத்துக்குக் காரணமெனக் கருதப்படுகிறது. ஆதாரம்: வேலையின்போது உடனிருந்தவரின் கையெழுத்துக் குறிப்பு."

காப்புறுதிக் கொம்பனியின் இந்தக் கடிதப் பிரதியைப் போன செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு மேரி கொண்டுவந்து தந்தாள். காரில் வேலை செய்த மெக்கானிக் றொபட்டின் மனைவி அவள். கதிரையை இழுத்துப் போட்டேன், அவள் இருக்கவில்லை. கடிதம் சொல்லும் அந்த உடனிருந்தவர் நான்தான்.

கருதப்படுகிறதாம். யார் கருதினார்? எந்தத் திகதியில்? காருக்குக் கீழே படுத்துப் பார்த்தா, மின்விசிறிக்குக் கீழே இருந்தா? மீன் வாங்குகிறவன்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

மேரி போனபின் அலுமாரியைத் திறந்து, அந்தக் குறிப்பு எழுதிய கொப்பியை எடுத்தேன். பக்கத்தின் மூலையில் பிரேக் ஒயில் பட்டு மை கரைந்திருக்கிறது. பெயின்றையே கழற்றுகிற ஒயில், என் மையை விடுமா? மூக்கருகே வைத்தால் இன்னும் அந்த எண்ணெய் மணம் இருப்பதுபோல ஒரு நினைப்பு. ஆனால் இத்தனை வருடம் கழித்து மணம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த மணத்தோடு வருவது குருக்கள்மடத்துக் கராச். அப்போது நான் மட்டக்களப்பு நகரில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் முதல் வேலையில் இருந்தேன். வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம். புதியது வராததால் நாடே பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. றொபட் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். கல்முனை வீதியோரம் நாலு தூணும் தகரக் கூரையுமாக அவன் கராச் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான். உதவி செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன். உண்மையில் என் உதவி, கொப்பியில் எழுதுவது. எந்த வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, மீற்றர் எவ்வளவு காட்டியது. றொபட் என்னை "பதிவாளர் ஐயா" என்று கூப்பிடுவான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெருமையைப் பாருங்கள்.

சுதன் அங்கே வருகிற வாடிக்கையாளன், ரோட்டு வேலைக் கொந்தராத்துக்காரன். அவனிடம் நீல நிற ஜப்பான் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவு, டேர்போ எஞ்சின். மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதை அவன் கழுவுகிற விதம்தான் கொடுமை. வாவிக்கரையில் பாதிச் சில்லு தண்ணீரில் நிற்க இறக்கி, வாளியால் அள்ளி அடிப்பான். உப்புக் கலந்த தண்ணீர்.

"மனே, இது எருமையில்ல, தண்ணிக்குள்ள விட்டுக் குளிப்பாட்டுறதுக்கு" என்று றொபட் ஒருநாள் சொன்னான்.

"உனக்குப் பொறாமைகா" என்றான் சுதன்.

அந்தக் காரின் பிரேக் பெடல் மெத்தென்று இறங்கத் தொடங்கியது. சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழசானால், மிதிக்கும்போது கொஞ்சம் ஊதும். மிதியின் ஒரு பங்கு அந்த ஊதலிலேயே போய்விடும். வெளியே ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் அப்படி ஊதாது. சுதன் இதைப் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, லண்டனில் இருந்த அக்காவைக்கொண்டு நாலு ஹோஸ் எடுப்பித்தான். பார்சலில், பிள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் சுருண்டு வந்தன. கழுத்தில் போடலாம்போல அப்படி ஒரு மினுக்கம்.

ஒரு ஞாயிறு பூட்டினோம். பிரேக்கில் காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. நான் சாரதி இருக்கையில், றொபட் சில்லுக்குப் பக்கத்தில் தரையில்.

"அமத்து... அமத்து... பிடி. விட்டிராத, பிடிச்சிரு. ம், இப்ப விடு. டேய், விடுகா எண்டா விடு, அதையும் எழுதிட்டுத்தானா விடுவாய்?"

பெடல் கல்லாக நின்றது. நான் கொப்பியில் எழுதினேன்: நாலு ஹோஸ் மாற்றப்பட்டது; செப்பு வளையம் எட்டும் புதியவை; ஒயில் முழுவதும் புதிது; முடிந்த நேரம் மாலை நாலு ஐந்து.

அப்போதுதான் றொபட் பின்பக்கம் படுத்தபடியே சொன்னான்: "சுதன், ஹோஸ் சரி. ஹோஸுக்கு ஒயில் கொண்டு வாற இரும்புக் குழாய் இடப்பக்கம் உப்புத் தண்ணில துருப்பிடிச்சு உக்கிப் போச்சு. இதையும் மாத்தாம ஓடாத. இண்டைக்கு வண்டிய விட்டுட்டுப் போ."

"வெளிய தெரியாத குழாய்க்கு இப்ப என்ன அவசரம்? மறுகா பாப்பம்" என்று சொல்லிக் காரின் திறப்பைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனான் சுதன்.

இதை நான் எழுதவில்லை. செப்பு வளையத்தை எண்ணி எழுதியவன் இதை எழுதவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று பேனையை மூடியிருந்தேன்.

அடுத்த மாரியில், கரடியனாற்றுப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே மாடுகள் வர, சுதன் பிரேக் மிதித்திருக்கிறான். பெடல் அடிவரை போய்விட்டதாம். பிரேக் ஒயில் இரண்டு பாதையாகப் பிரிந்து போவதால், ஒன்று உடைந்தாலும் பாதி பிரேக்காவது மிஞ்சியிருக்கும். அவன் போன வேகத்துக்குப் பாதி போதவில்லை. கார் வயல் வட்டைக்குள் இறங்கி வரம்பில் மோதியது. சுதனுக்கு இடுப்பு முறிந்தது. இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறான். அதற்காக வருந்துகிறேன். ஆனால் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவன் சொன்னதை மன்னிக்க மாட்டேன்: "குழாயப் பத்தி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

காப்புறுதியிலிருந்து விசாரிக்க வந்தவர் நல்ல மரியாதைக்காரர். "நீங்கள் எல்லாம் திகதியோடு எழுதுவீர்களாமே" என்றார். உருகிப் போனேன். தேநீர் கொடுத்து, பக்கத்தைத் திறந்து, அந்த வேலைக் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளவும் விட்டேன். றொபட்டின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்தவன் வேறு யாருமில்லை.

கொம்பனி காசு தர மறுத்ததால் இப்போது சுதன் றொபட்மீது வழக்குப் போட்டிருக்கிறான். நீதிமன்றத் தவணை அடுத்த மாதம். மேரி வந்தது அதற்குத்தான்.

"அண்ணன், அதே பக்கத்தில கீழ இடமிருக்கும். அவர் சொன்ன அந்த ஒரு வரிய எழுதிவிடுங்க. அதே மாதிரிப் பேனையால."

"அண்டைக்கு எழுதாதத அண்டைக்கு எழுதின மாதிரி எப்பிடித் தங்கச்சி எழுதுறது?"

"அவர் சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு எங்கட மனிசன விடக் கொப்பிதான் பெரிசு."

தனித் தாள் ஒன்றில் அவள் வந்த நாளின் திகதியையே போட்டு, றொபட் சொன்னதையும் சுதன் சொன்னதையும் எழுதி, "ஞாபகத்திலிருந்து எழுதியது, அன்று எழுதத் தவறினேன்" என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் ஏறி இதையே சொல்வேன் என்றும் சொன்னேன். மேரி வாசித்தாள். "இது வழக்குக்குக் காணாது" என்றாள். மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குருக்கள்மடத்துக்குப் போனேன். கூரைத் தகரம் இல்லை. தூண்களும் இல்லை. வண்டிக்குக் கீழே இறங்கி வேலை செய்யும் குழியை மண் போட்டு மூடி, மேலே யாரோ விறகு அடுக்கியிருக்கிறார்கள். றொபட் இப்போது ஊர் ஊராகப் போய் அறுவடை மெசின் திருத்துகிறான். என் போனை எடுப்பதில்லை. நீலக் காரைச் சுதன் ஏலத்தில் விட, வாங்கியவன் துண்டு துண்டாக வெட்டிவிட்டான்.

வெட்டுவதற்கு முன், பொலிஸ் வளவில் நின்ற அந்தக் காரை நான் ஒருமுறை பார்த்தேன். பிரேக் ஒயில் தாங்கியில் ஒரு பாதி காலி. முன் ஹோஸ் இரண்டும் பின் வலப்பக்க ஹோஸும் காய்ந்து, ஒயில் கசிவின்றி இருந்தன. பின் இடப்பக்கம் சேற்றில் புதைந்திருந்தது. படுத்துக் கையை விட்டால்தான் தெரியும். நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தேன். படுக்கவில்லை.

ஆகவே, உடைந்தது அந்த இரும்புக் குழாய்தானா, றொபட் பூட்டிய நாலாவது ஹோஸா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.