கறுப்புப் பட்டையில் கோடுகள்

ஐம்பத்தெட்டு வயதில்தான் எனக்குப் புதுக் கார் வாய்த்தது. அதுவரை ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்தவை. ஒன்றில் கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடும். இன்னொன்றில் மழை வரும் நேரம் பார்த்துக் கண்ணாடி ஏறாது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரங்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்ற மாதம், ஒரு தடவையாவது உறை பிரிக்காத இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளைக் கார். முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் இடத்தில், கண்ணாடிகளுக்கு நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை. பளபளப்பான பிளாஸ்டிக். விற்றவர் அதைப் பியானோ பிளாக் என்றார். எங்கள் வம்சத்தில் பியானோவைத் தொட்டவர் எவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் மயங்கிவிட்டேன். குனிந்தால் என் முகம் தெரிந்தது, நரைத்த மீசை உட்பட. இன்ஜின், டயர், பிரேக் என்று கவலைப்பட எத்தனையோ இருக்க, நான் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இங்கே பல வீடுகளில், மலாயில் புலு ஆயாம் என்று சொல்லும் ஒன்று இருக்கும். பிரம்பு நுனியில் கோழி இறகைக் கட்டிய தூசி தட்டி. எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதன் இறகுப் பக்கத்தைவிடப் பிரம்புப் பக்கம்தான் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கீழே இறங்கிப் போய், துளித் தண்ணீர் படாமல், அதனால் காரைத் தட்டுவேன். பிறகு ஒரு பழைய பனியனை எடுத்து அந்தப் பட்டையை மட்டும் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். தண்ணீர் பட்டால் உப்புத் திட்டு விழும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். என் மனைவி மேலிருந்து பார்த்துவிட்டு, இதில் கால்வாசி என்னைத் தடவியிருந்தால் என் முட்டி வலி என்றோ போயிருக்கும் என்று சொல்வாள்.

காரில் அதிகம் பயணம் செய்தது என் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் நின்றே காலத்தைக் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டவுனில் டயாலிசிஸ். காலையில் கொண்டுபோய் விடுவதும், நான்கு மணி நேரம் கழித்துக் கூட்டி வருவதும் என் பொறுப்பு.

முடிந்து வரும்போது அவளுக்குத் தலை சுற்றும். பின்சீட்டில் இடப்பக்கம் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாயை அறுத்து இணைத்திருந்தார்கள். அந்தக் கையை ஊன்றக் கூடாது. ஆகவே இறங்க வலது கைதான். வலது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது அந்தக் கறுப்புப் பட்டை. அதைப் பிடித்து எழுந்து, ஒரு மூச்சு நின்று, பிறகு நடப்பாள். அந்த வலது கையில் ஒற்றை வளையல். எங்கள் வீட்டில் அதைக் காப்பு என்றுதான் சொல்வோம். அம்மா போட்டுவிட்டது. மணிக்கட்டு பருத்துப் போனதில் கழற்றவும் வராது.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பட்டையில் கோடுகளைப் பார்த்தேன். தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள், நூற்றுக்கணக்கில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யார் செய்தது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை அக்கா இறங்கும்போது சொல்லிவிட்டேன். அதைப் பிடிக்காதே, காப்பு உரசிக் கோடு கோடாகிவிட்டது, உள்ளே மேலே கைப்பிடி இருக்கிறதே என்று.

“அது உக்கார்றவங்களுக்குடா. எந்திரிக்கிறவங்களுக்கு இல்ல” என்றாள். பிறகு பட்டையை உற்றுப் பார்த்தாள். கண் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. “கோடா இருக்கா? சரி லா, புடிக்கல” என்றாள்.

சொல்லிவிட்டால் போதாது என்று இணையத்தில் தேடி, ஒட்டிக்கொள்ளும் கண்ணாடித் தாள் ஒன்றை வரவழைத்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, அட்டையால் நீவி நீவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை ஒட்டினேன். ஓரத்தில் இரண்டு குமிழ் நின்றுவிட்டது. பாதுகாக்கத்தானே ஒட்டினாய், இனி அக்கா பிடித்தால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பிடித்தால் தாளின் ஓரம் கிளம்பிவிடுமே! அதனால் தாளையும் பிடிக்கக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். காப்புக்கு ஒரு காப்பு, அதற்கு மேல் ஒரு காவலாளி.

அதன் பிறகு அவள் இறங்கும் விதம் மாறிப்போனது. முதலில் கைப்பையை எடுத்து மடியில் வைப்பாள். இரண்டு காலையும் வெளியே போடுவாள். வலது கையால் தன் முட்டியையே அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக எழுவாள். சில நாள் இரண்டாவது முயற்சியில்தான் எழ வரும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பேன். கை கொடுத்த நாட்களும் உண்டு. கொடுக்காத நாட்களே அதிகம். சொன்னால் கேட்கிறாள் என்று எனக்குள் ஒரு திருப்தி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் திருப்திதான் இருந்தது.

அன்று சனிக்கிழமை. அவள் அடுக்குமாடியின் கீழே, நடைபாதை ஓரமாகக் காரை நிறுத்தினேன். ஒரு வாரமாக மழை இல்லை; தரை காய்ந்து கிடந்தது. நான் இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தேன். அவளுடைய போர்வையும் தண்ணீர்ப் போத்தலும் என் கைகளில் இருந்தன. அவள் காலை வெளியே போட்டு, முட்டியை அழுத்தி எழுந்தாள். எழுந்தவளுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். வலது கை தானாகப் பட்டையை நோக்கிப் போனது. ஓர் அங்குலம் இருக்கும். அங்கே நின்றது. விரல்கள் மடங்கின. கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். அப்படியே பக்கவாட்டில் சரிந்து, நடைபாதையின் சிமெண்டு விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தாள்.

போத்தல் உருண்டு போனது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பதற்றத்தில் அவளையே திட்டினேன். “புடிச்சிக்க வேண்டியதுதானக்கா? கைக்கிட்டத்தான இருந்துச்சு?”

அவளுக்கு வலியில் உதடு வெளுத்திருந்தது. கோபமே இல்லாமல், தெரியாதவனுக்குச் சொல்வது போலச் சொன்னாள். “கோடு விழும்னியேடா.”

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் என் மனைவியும் சொந்தக்காரர்களும் கூடி எப்படி விழுந்தாள் என்று கேட்டபோது, தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், அக்கா கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமா, ஈரம்” என்றாள். “நாந்தான் பாக்கல.”

அதற்குப் பிறகு அவள் மூன்று மாதம் இருந்தாள். நடக்கவில்லை. டயாலிசிசுக்குப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். என் கார் தேவைப்படவில்லை. நான் மட்டும் காலியான பின்சீட்டோடு ஆம்புலன்சுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போவேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஈரத் தரைக் கதையை அவளே சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் விவரங்கள் கூடின. யாரோ மாடியிலிருந்து வாளித் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள் என்றாள். செருப்பும் பழசு என்றாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் தனியாக இருந்த நேரங்கள் எத்தனையோ. மன்னித்துவிடு அக்கா என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். அவள் உடனே கார் நன்றாக ஓடுகிறதா என்று கேட்பாள். ஓடுகிறது என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நெஞ்சில் சளி கட்டி ஒரு வியாழக்கிழமை போய்விட்டாள். இதயம் ஏற்கெனவே பலவீனம், விழாமல் இருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். வந்திருக்கலாம் என்பதை அன்றிலிருந்து எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் காரைத் தட்டவும் இல்லை, துடைக்கவும் இல்லை. வெயிலில் அந்தத் தாள் மஞ்சளித்து, ஓரங்கள் சுருண்டு தொங்கின. அதைப் பார்க்கவே பிடிக்காமல், ஜெலுத்தோங்கில் காருக்குப் பாலிஷ் போடும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வயது இருக்கும், நிதானமான கை. சூடான காற்றை ஊதி ஊதித் தாளை உரித்தார். பிறகு ஒரு விளக்கைப் பட்டைக்குப் பக்கத்தில் பிடித்து, அடியில் ஏற்கெனவே கோடு இருக்கிறதே என்றார்.

தெரியும், காப்பு உரசியது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தைப் பட்டையின் மேல் ஓட்டினார். எங்கும் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. “காப்பு பட்டா ஒரே கோடுதாண்ணே, ஆழமா இருக்கும், நகத்துல தட்டும். அப்படி இதுல ஒண்ணுகூட இல்ல. இது வட்டமா இருக்கு பாருங்க. தண்ணி இல்லாம தூசியோட தேச்சது. புலு ஆயாம் போடுவீங்களா?”

தினமும் என்றேன்.

அதுதான் என்றார். அவருக்கு இது தினசரி விஷயம். தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அப்புறம்தான் துடைக்க வேண்டும், இந்தப் பிளாஸ்டிக்குக்குக் காய்ந்த துணியே எமன், வீட்டில் நீங்கள்தான் துடைப்பீர்களா, இனி பஞ்சு மாதிரித் துணி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் பாலிஷ் போட்டால் எல்லாம் போய்விடும், போடவா என்று கேட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பினேன். பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அக்கா அதைப் பிடித்து எழுந்த அத்தனை நாளில் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை.

மறுநாள் மனைவியைப் பாசாருக்கு அழைத்துப் போனேன். மீன் கடைப் பக்கம் நிறுத்தினேன். அவளுக்கு முட்டி வலி. கதவைத் திறந்து காலை வெளியே போட்டவள், முட்டியில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். கறுப்புப் பட்டை அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கமே அவள் கை போகவில்லை. இதை அவளும் எப்போதோ பழகிக்கொண்டிருக்கிறாள். நான் கவனித்ததே இல்லை.

நான் இறங்கி அவள் பக்கம் போனேன். “அதப் புடிச்சிக்க” என்றேன்.

“எத?”

“கறுப்ப.”

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். “கோடு விழும்ங்க.”

அவள் கையை எடுத்து நானே பட்டையின் மேல் வைத்தேன். என் கையையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டேன். எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்கு அக்கா விழுந்தப்ப” என்றேன், “தரை ஈரமா இல்ல.”