எங்கன வச்சு வெட்டப் போறீக?

ஊரே ஒரு பொறிக்குப் பயந்து செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வேலைக்குள்ள போற பக்கத்துல, கூடை கூடையாப் பொறி கக்குற மிஷினை விக்கிறதுதான் என் பொழப்பு. சிவகாசியில சாத்தூர் ரோட்டுல ஒரு பவர் டூல்ஸ் கடை. பதினொரு வருஷமா கவுண்டர்ல நிக்கிறேன். கம்பி, கல்லு, டைல்ஸ், பைப்பு, எதை வெட்டணும்னாலும் கையில தூக்கிட்டுப் போற கட்டிங் மிஷின் எங்ககிட்ட உண்டு. நாலு இஞ்சு, அஞ்சு இஞ்சு, ஏழு இஞ்சு, வயர் வச்சது, பேட்டரி போட்டது, பெட்ரோல் ஊத்துறதுன்னு வரிசையா அடுக்கி வச்சிருக்கோம். கவுண்டருக்குப் பின்னாடி நின்னு பொழைக்கிற உங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும், வாங்க வர்றவுக முக்கால்வாசிப் பேரு வீட்லயே முடிவு பண்ணிட்டுத்தான் வருவாக. நம்மகிட்ட யோசனை கேக்குறது, நம்ம ஆமான்னு சொல்லணுங்கிறதுக்குத்தான்.

மத்த ஊர்ல மிஷின் விக்கிறவுக "எதை வெட்டப் போறீக?"ன்னு ஆரம்பிப்பாக. நான் "எங்கன வச்சு வெட்டப் போறீக?"ன்னுதான் ஆரம்பிப்பேன். எங்க சித்தப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி விபத்துல வெந்து, வலது கை முழங்கைக்குக் கீழ தோலு சுருங்கி, ரெண்டு விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கும். அந்தக் கையைப் பாத்துக்கிட்டே வளந்தவ நான். கேக்காம ஒரு மிஷினைத் தூக்கிக் கொடுத்துட்டு, மத்தியானம் ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எனக்குச் சோறு இறங்காது. அம்புட்டுத்தான் காரணம். ஆனா அதுக்கு எனக்குக் கிடைச்ச பதிலுகளைக் கேட்டா நீங்களும் நெஞ்சைப் பிடிச்சுக்கிருவீக.

பொறி வராத மிஷின்

வேலுச்சாமி அண்ணன் முதல் தடவை வந்தப்ப, படியிலயே செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட உள்ள வந்தாரு. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில மராமத்து வேலை பாக்குறவரு. தகரம் மாத்துறது, கதவுக்குக் கொண்டி போடுறது எல்லாம் அவருதான். பெஞ்சாதியும் அதே கம்பெனியில பேக்கிங் வேலை. வருஷக்கணக்கா வெறுங்காலோட வேலைக்குள்ள போயிப் போயி, எந்த வாசலைப் பாத்தாலும் அவரு காலு தானாச் செருப்பை விட்டுரும். அம்புட்டு ஒழுங்கான மனுசன்.

"இரும்பு வெட்டணும் தங்கச்சி. பொறி வராத மிஷினா ஒண்ணு குடு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "அண்ணே, இரும்பை டிஸ்க்கு வச்சு வெட்டுனா பொறி வராம பூவா வரும்?"னு கேட்டேன். அவரு அசரல. பேட்டரி மிஷினைக் காட்டி, "இதுல கரண்டு கனெக்‌ஷன் இல்லையே, அப்ப வராதுல்ல?"ன்னாரு. கம்பெனிக்குள்ள கரண்டு கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, பொறின்னாலே அது வயர்லருந்துதான் வருதுன்னு மனசுல படிஞ்சு போச்சு. டிஸ்க்கு சுத்துற வேகத்துல இரும்பு தேயும், தேயுற இரும்புத்தூளுதான் சூட்டுல பொறியாப் பறக்கும், மிஷினு எதுல ஓடுனாலும் ஒண்ணுதான்னு கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். நல்லாத் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. சரி, ஒரு உசுரைக் காப்பாத்திட்டோம்னு நான் தண்ணி குடிக்கப் போனேன். படியில செருப்பை மாட்டிக்கிட்டே திரும்புனாரு.

"பெட்ரோல் மிஷின்லயுமா தங்கச்சி?"

ட்ரையல்

புது மிஷின் எதுவா இருந்தாலும் விக்கிறதுக்கு முன்னாடி கடை வாசல்ல ஓட்டிக் காட்டுறது எங்க வழக்கம். எங்க மெக்கானிக் பாண்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒரு முழக் கம்பியைச் சட்டுன்னு வெட்டிக் காட்டுவான். போற வர்ற ஆளுகள்லாம் மத்தாப்புப் பாக்குற மாதிரி நின்னு பாப்பாக. எங்க ஊர்ல மத்தாப்பை யாரும் நின்னு பாக்கமாட்டாக, இதைப் பாப்பாக.

ரெண்டு வாரம் கழிச்சு வேலுச்சாமி அண்ணன் திரும்ப வந்தாரு. கம்பெனிக்கு வெளிய தள்ளி இருக்குற ஆபீஸ் கட்டடத்துல கைப்பிடிக் கம்பி வெட்டணும்னு சொன்னாரு. சரி, வெடிமருந்து இல்லாத இடந்தானன்னு ட்ரையல் காட்டச் சொன்னேன். பாண்டி கம்பியை வச்சாச்சு. அண்ணன் நல்லாத் தெரியணும்னு நேரா முன்னாடி போயிக் குத்த வச்சு உக்காந்துட்டாரு, பொறி பறக்குற பக்கம் பாத்து. வெயில்ல அவரு சட்டை பளபளன்னு மின்னுச்சு. புதுச் சட்டையோன்னு பாத்தேன். சட்டை இல்ல, சட்டை மேல பட்டாசு மருந்துல கலக்குற அலுமினியப் பொடி, ஒரு பொறி பட்டாப் போதும். தோளு, மடி, காது மடலு எல்லாம் வெள்ளி பூசுன மாதிரி இருக்காரு!

"பாண்டீ, கையை எடுலே!"ன்னு நான் போட்ட சத்தத்துல எதுத்த டீக்கடைக்காரரு கிளாஸைக் கீழ போட்டாரு. பாண்டியோட விரலு சுவிட்சு மேல இருந்துச்சு. "எங்கருந்து அண்ணே இப்படி வாறீக?"ன்னு கத்துனேன். அன்னைக்கு ஆளு குறைச்சல்னு பொடி சலிக்கிற ரூமுல கைகொடுத்துட்டு, அப்படியே வேன்ல ஏறி வந்துட்டாராம். பொறுமையாத்தான் சொன்னாரு.

"குளிக்காம வீட்டுக்குள்ள போனா ஒங்க மதினி வைவா, இது கடைதானன்னு வந்துட்டேன்."

மூடி

விருதுநகர்லருந்து ஒரு கொத்தனாரு, எங்ககிட்ட அஞ்சு இஞ்சு மிஷின் வாங்கிட்டுப் போனவரு, டிஸ்க்குக்கு மேல மாட்டுற இரும்பு மூடியை மட்டும் காகிதத்துல சுத்திக் கொண்டாந்து கவுண்டர்ல வச்சாரு. இது எனக்கு வேண்டாம், இதுக்குப் பதிலா ஒரு டிஸ்க்கு குடுங்கன்னாரு. எங்க கடை சரித்திரத்துல அதுவரைக்கும் யாரும் மூடியைத் திருப்பிக் கொடுத்ததில்ல, கழட்டி மூலையில போடுறதோட சரி. விசாரிச்சா, மூடியைக் கழட்டிட்டு அஞ்சு இஞ்சு மிஷின்ல ஏழு இஞ்சு டிஸ்க்கை மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்காரு! சின்ன மிஷின் சுத்துற வேகம் பெரிய டிஸ்க்குக்கு ஆகாது, டிஸ்க்கு வெடிச்சுச் சில்லு சில்லாத் தெறிக்கும், கழுத்துல பட்டா முடிஞ்சதுன்னேன். அப்பத்தான் பாத்தேன், கன்னத்துல ஒரு பிளாஸ்திரி. "இது என்னய்யா?"ன்னேன். "லேசா உரசுச்சு"ன்னாரு.

அவரு கையைப் பிடிச்சு உக்கார வச்சு, மூடியைத் திரும்ப எடுத்துக் கொடுத்து, அடுத்த தடவை இது இல்லாமப் பாத்தா டிஸ்க்கு தரமாட்டேன்னு சண்டை போட்டேன். அவருக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு.

"மூடியோட வெட்டுனா பொறி பறக்குறது தெரிய மாட்டேங்குதுக்கா, வீட்டுக்காரரு நான் சும்மா நிக்கேன்னு நெனைக்காரு."

காலண்டர் தகரம்

காலண்டருக்கு மேல ஒரு தகரப் பட்டை இருக்கும்ல, அதைக் கட்டாக் கட்டி ஒரே இழுப்புல வெட்டணும், எந்த மிஷின் நல்லதுன்னு ஒரு பைண்டிங் பட்டறைக்காரரு கேட்டாரு. சீசன் நேரம், அவசரத்துல வந்திருக்காரு. எங்கன வச்சு வெட்டப் போறீகன்னேன். பட்டறையிலதான்னாரு. பட்டறையில என்ன இருக்குன்னேன். "பேப்பருதான் இருக்கும், வேற என்ன இருக்கும்?"னு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. தரையில முழங்காலு முட்டும் வெட்டுக்காகிதம், பக்கத்துல பசை, பின்னாடி டைரி அடுக்கு. அதுக்கு நடுவுல பொறி! உங்களுக்கு இது ஆகாது, தகரம் வெட்டுற கத்திரி மிஷின் இருக்கு, அதை வாங்குங்கன்னு கும்பிடாத குறையாச் சொன்னேன். அவரு எனக்குத் தைரியம் சொன்னாரு.

"பயப்படாதீக, தீயணைக்கிற சிலிண்டர் வச்சிருக்கோம், டைரி அடுக்குக்குப் பின்னாடிதான் இருக்கு."

லீவு

தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனியெல்லாம் அடைச்சாத்தான் எங்களுக்கு சீசன். ஷெட்டு மராமத்து எல்லாம் அப்பத்தான் நடக்கும். அந்த வாரம் வேலுச்சாமி அண்ணன் மூணாவது தடவை வந்தாரு. அவுக கம்பெனியில பழைய பேக்கிங் ஷெட்டுக்கு வாசல்ல ஒரு இரும்பு கேட்டு. பைப்புல பண்ணுனது, அடியில துருப்பிடிச்சு இத்துப்போச்சு. ரெண்டு பைப்பை வெட்டி எடுத்துட்டுப் புதுசா வைக்கணும். நாலு இஞ்சு போதும்னாரு. எங்கன வச்சுன்னு கேட்டேன்.

"அங்கனயேதான், ஷெட்டு வாசல்ல. கம்பெனியே அடைச்சுக் கெடக்கு தங்கச்சி, ஒரு கிராம் மருந்து கெடையாது."

"ஆளுகளுக்குத்தான் அண்ணே லீவு, மருந்துக்கு ஏது லீவு? சுவரு இடுக்குல, தரை வெடிப்புல எல்லாம் தூசி படிஞ்சிருக்கும்ல?"

அவரு கேக்கவே இல்ல. நானும் மிஷினை எடுக்கவே இல்ல. கேட்டைக் கழட்டி வெளிய கொண்டாங்க, நம்ம கடை வாசலுக்கே கொண்டாங்க, பாண்டி சும்மாவே வெட்டித் தருவான்னேன். மனுசன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அடுத்த கடையில இம்புட்டுக் கேள்வி கேக்கமாட்டாகன்னு சொல்லிட்டு, செருப்பைக் கூட ஒழுங்கா மாட்டாம இறங்கிப் போயிட்டாரு. அவரு சொன்னது நெசந்தான். அடுத்த கடையில கேக்கமாட்டாக. அதுதான் என் பயமே. இதையெல்லாம் உள்ள இருந்து பாத்துக்கிட்டு இருந்த எங்க முதலாளி அண்ணாச்சி வெளிய வந்தாரு.

"ஏத்தா, நீ கடையில வேலை பாக்கியா, போலீஸ் ஸ்டேஷன்ல வேலை பாக்கியா?"

கேட்டு

ரெண்டு நாளா அவரைக் காணோம். போன் நம்பரும் இல்ல. ரெண்டாம் நாளு பதினோரு மணி வாக்குல ஒரு ஆம்புலன்ஸ் சாத்தூர்ப் பக்கம் பறந்துச்சு. கவுண்டர்ல நின்ன ஆளை அப்படியே விட்டுட்டு வாசல்ல போயி நின்னேன். மிஷினைக் கொடுத்திருந்தாலும் பாவம், கொடுக்காம இன்னொரு கடைக்கு வெரட்டி விட்டதும் பாவம்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. சித்தப்பா கை கண்ணு முன்னாடி வந்து போகுது. டிபன் பாக்ஸைத் திறந்தேன், அப்படியே மூடி வச்சேன்.

அரை மணி நேரத்துல ஒரு லோடு ஆட்டோ வந்து நின்னுச்சு. பின்னாடி கேட்டு. கேட்டு மேல கையை வச்சுக்கிட்டு வேலுச்சாமி அண்ணன்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. துவைச்ச சட்டை, நெத்தியில திருநீறு. இறங்குனதும் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, "பாத்துக்க தங்கச்சி, குளிச்சுட்டு வந்திருக்கேன். நீ சொன்னபடி வெளிய கொண்டாந்துட்டேன்"னாரு. எனக்குப் பெருமை தாங்கல. அண்ணாச்சியைத் திரும்பிப் பாத்தேன், பாத்தீகளான்னு.

பாண்டி ரெண்டு மரக்கட்டையைப் போட்டான். நாங்க நாலு பேரு கேட்டை இறக்கிச் சாய்ச்சு வச்சோம். சாக்பீஸ்ல கோடு போட்டான், கண்ணாடியை மாட்டுனான், மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்தான், எல்லாம் முறைப்படி. நான் பக்கத்துலயே நிக்கிறேன். கேட்டைச் சரி பண்ணி நகட்டுனப்ப, மேல் பைப்புல இருந்த ஒரு துரு ஓட்டை வழியா என் கால்மேல ஏதோ பொலபொலன்னு விழுந்துச்சு. துருத்தூளுன்னு நினைச்சு உதறுனேன். காலுல பளபளப்பு. குனிஞ்சு கைவிரலால தொட்டுப் பாத்தேன். வெள்ளி.

இந்தத் தடவை எனக்குச் சத்தமே வரல. வாயைத் திறக்குறேன், காத்துதான் வருது. ஓடிப்போயி சுவரு பிளக்கைப் பிடுங்கிட்டேன். பாண்டி சுவிட்சை அமுக்கியாச்சு, மிஷின் ஓடல, ஏங்க்கா கரண்டு போச்சான்னு கேக்குறான். நான் காலைக் காட்டுனேன். அவன் மிஷினைக் கீழ வைக்கக் கூடப் பயந்து கையில பிடிச்சபடியே பின்னாடி நடந்தான். அண்ணாச்சி முகத்துல ரத்தமே இல்ல. டீக்கடைக் கூட்டத்தை அம்புட்டுத் தூரம் வெரட்டி விட்டோம். தகவல் சொன்னதும், கம்பெனி போர்மேன் ஆளோட வந்து, பைப்பு ஓட்டையில ஒரு பார்வை பாத்துட்டு எங்களை ஒரு பார்வை பாத்தாரு. நாலு பைப்புக்குள்ளயும் அடி வரைக்கும் மருந்து அடைஞ்சு கெடந்துச்சு. இரும்போட இரும்பு உரசாம, மரச்சட்டத்துல வச்சு, பச்சப்புள்ளையைத் தூக்குற மாதிரி ஏத்திக்கிட்டுப் போனாரு.

வேலுச்சாமி அண்ணன் எங்க கடைப் படியில உக்காந்துட்டாரு. தண்ணி கொடுத்தேன், வாங்கல. தன் ரெண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. மருந்து எப்படி அண்ணே பைப்புக்குள்ள போச்சுன்னு கேட்டேன்.

"வீட்டுக்கு மருந்து போயிரக் கூடாதுன்னு, வேலை முடிஞ்சு போறப்ப அம்புட்டுப் பேரும் இந்தக் கேட்டுலதான் தங்கச்சி கையைத் தட்டிட்டுப் போவோம், ஒங்க மதினியும்தான்."

பதினொரு வருஷமா ஊரையே எங்கன வச்சு வெட்டப் போறீகன்னு கேட்டுக் கேட்டுப் பெருமைப்பட்ட நான், மத்த ஊர்க்காரவுக முதல்ல கேக்குற, எதை வெட்டப் போறீகங்கிற அந்தச் சாதாரணக் கேள்வியைக் கேக்க மறந்து, எங்க கடை வாசல்லயே தீபாவளி கொண்டாடப் பாத்தேன்.