மூன்று குத்து விழுந்த அஷ்ரஃபி

என் பெரியப்பா செத்தபோது நான் அழவில்லை. சாவு வீட்டுக்குப் போனேன், மாலை போட்டேன், வரும் வழியில் ஓட்டலில் நிதானமாக டீ குடித்தேன். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த மனிதரை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்து, ஒரு ஜாகீர்தார் வீட்டில் குதிரை வண்டி ஓட்டியவர். அந்த வீட்டு அம்மாளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது மருத்துவச்சியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஜாகீர்தார் அவர் கையில் ஓர் அஷ்ரஃபியை வைத்தார். அஷ்ரஃபி என்றால் நிஜாமின் தங்கக்காசு. இது எந்திரம் வருவதற்கு முன்னால், கையால் அடித்த காலத்துப் பழைய காசு. சரியான வட்டமாகக்கூட இருக்காது.

தாத்தா போனதும் பெரியப்பா பாகம் பிரித்தார். ஊரில் இருந்த ஓட்டு வீடு அவருக்கு, அஷ்ரஃபி என் அப்பாவுக்கு. "தம்பிக்குத் தங்கம், எனக்கு மண்ணு செவுரு" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அண்ணன் கொடுத்ததைச் சந்தேகப்பட அப்பாவுக்குத் தெரியாது. காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தார். அவர் காய்ச்சலில் படுத்துச் செத்த அந்தக் கஷ்டத்தில்கூட அம்மா அதைத் தொடவில்லை. மூத்த பெண் கல்யாணத்துக்கென்று டிரங்குப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தாள்.

அக்காவைப் பேகம்பேட்டில் கொடுத்தோம். எட்டாம் நாள் அவள் மாமியார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காசுக்கு வளையம் வைக்கத் தட்டானிடம் கொடுத்தாளாம். அவன் உரைகல்லில் இழுத்துப் பார்த்து, பித்தளைக்கு முலாம் பூசியது என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

அம்மா பதறிப்போய்ப் பெரியப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா வெச்சிட்டுப் போனது ஒரே ஒரு காசு. அசல் தங்கம். என் கையால எடுத்து தம்பிகிட்ட குடுத்தேன். அப்புறம் அது எங்க போச்சுன்னு எனக்கென்ன தெரியும்" என்றார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு, அசலை விற்றுத் தின்றவள் என்று பெயர். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றது. அக்காவை மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "பித்தள, இங்க வா" என்பாள். அம்மா யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை, குனிந்த தலை நிமிராமல் நடந்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்தக் காசை எடுத்துக்கொண்டு சார்மினார் பக்கம் ஒரு சராஃப் கடைக்குப் போனேன். தங்கம், வெள்ளி பரிசோதித்து மாற்றிக் கொடுக்கிறவர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "ஜூட்டா" என்றார். பொய்க்காசு. நான் விடாமல், அவர் பேசிய உருதுவிலேயே "கைக்கு?" என்று கேட்டேன். ஏன் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. எரிச்சலோடு காசின் மேல் இருந்த மூன்று குத்துகளைக் காட்டினார். இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்று விளிம்பில் தனியாக. பழைய நாளில் சராஃப்கள் உளியால் குத்திச் சோதித்த அடையாளம். நிஜக் குத்தென்றால் ஓரம் கூராக நிற்குமாம். இதில் ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. குத்தோடு சேர்த்தே மணலில் அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள் என்றார். கையால் அடித்த காசில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கவே இருக்காது, இதே குத்துள்ள காசு எங்கேயாவது இருந்தால் அதுதான் இதன் தாய் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

எங்கள் வம்சத்தில் மணலில் அச்சு எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ரயில்வே பட்டறையில் பெரியப்பா வார்ப்பட வேலை பார்த்தார்.

உடனே போய்க் கேட்டிருந்தால் இல்லையென்று சாதித்திருப்பார். நான் காத்திருந்தேன். இரண்டு வருஷம் ஒரு பண்டிகை விடாமல் அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். "நல்லா இரும்மா" என்று ஆசீர்வாதம் வேறு செய்தார். அவருக்கும் ஒரு பெண் இருந்தாள். தங்கத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கப் பெண்ணைப் பெற்றவனால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய நிச்சயதார்த்தத்தில் நகைத் தட்டு பெண்கள் பக்கம் வந்தது. நடுவில் புது வளையம் போட்ட அஷ்ரஃபி. இரண்டு குத்து சேர்ந்தாற்போல, ஒன்று விளிம்பில் தனியாக. கைக்குட்டையிலிருந்த எங்கள் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, தட்டை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினேன்.

"இதென்னம்மா, ரெண்டு? எது அசல்?" என்றார் அவர்.

"வளையம் போட்டது அசல். அதுல சந்தேகமே இல்ல" என்றேன்.

பெரியப்பா முந்திக்கொண்டார். "எங்கப்பா எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு குடுத்தாரு."

"ஒரே ஒரு காசுன்னு எங்க வீட்ல வெச்சு நீங்கதானே சொன்னீங்க, பெரியப்பா? சரி, ரெண்டுன்னே வெச்சிக்கலாம். ரெண்டுலயும் ஒரே எடத்துல மூணு குத்து எப்படி விழுந்துது?"

மாதிரிக்குக் கொடுத்த உருப்படியும் வார்த்து எடுத்த உருப்படியும் மயிரிழை மாறாமல் இருந்தால்தான் பட்டறையில் மேஸ்திரி முதுகில் தட்டுவார். முப்பது வருஷம் அப்படியே பழகிய கை. திருட்டு வேலையைக்கூட அது சுத்தமாகச் செய்திருந்தது. கொஞ்சம் சோம்பேறித்தனமாக அச்சு எடுத்து, குத்துகள் சரியாகப் பதியாமல் போயிருந்தால் மனிதர் தப்பியிருப்பார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதே பட்டறைக்காரர்கள். காசுகள் இரண்டும் அவர்கள் கைக்குப் போய்த் திரும்பின. எல்லோரும் பெரியப்பா முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். தட்டிலிருந்து வளையம் போட்ட காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பித்தளைக் காசைத் தட்டின் நடுவில் நகர்த்தி வைத்தாள். பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இது நீங்க உங்க தம்பிக்கு குடுத்தது மாமா. அசல்னு நாலு பேர் முன்னால சொன்னீங்க. உங்க பொண்ணுக்கே இருக்கட்டும்."

பெரியப்பா பெண் அழுதாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, ஆனாலும் அந்த அழுகை எனக்கு இனித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊர் வீட்டை விற்று நகை போட்டுத்தான் பெரியப்பா அந்தக் கல்யாணத்தை நடத்தினார்.

மறுநாள் காலையிலேயே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பேகம்பேட் போனாள். சம்பந்தியம்மாவின் தட்டானையே வரவழைக்கச் சொன்னாள். அவன் கல்லில் இழுத்துப் பார்த்தான், நிறுத்துப் பார்த்தான், "சொக்கத் தங்கம்" என்றான். சம்பந்தியம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"உங்க மேல தப்பிருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று கையை நீட்டினாள்.

அம்மா காசை மறுபடி முடிந்துகொண்டாள்.

"சோதிச்சி பாக்கத்தான் கொண்டாந்தேன் சம்பந்தி, குடுக்க கொண்டாரல. என் பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றப்ப போட்டுக்குவா. இங்க அவளுக்கு நீங்க வெச்ச பேரே போதும்."

அடுப்படியில் அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள்.