பெரிய கம்பஸில் படித்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் வடக்கே முள்ளியவளையில் நான் விலங்கியல் படிப்பித்த பாடசாலைக்கு அதே பாடத்துக்கு இன்னொரு ஆசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகே பதில் சொல்வார். அவர் தெற்கிலுள்ள பேர்போன பழைய பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கம்பஸில், படித்தவர். நான் படித்தது கிழக்கில் பிந்தித் தொடங்கிய சின்னக் கம்பஸ். ஒரு கிழமைக்குள் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அவருடைய வகுப்புக்கு மாற்றச் சொல்லி வரத் தொடங்கினார்கள்.

“அது பெரிய கம்பஸ் எல்லோ” என்று அதிபரும் என் முன்னாலேயே சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. இவர் எங்கே தடுமாறுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தவளை வெட்டிக் காட்ட வேண்டிய நாளில், மாணவர்கள் சுற்றி நிற்க, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ரீச்சர், எங்கட கம்பஸில ஒரு மேசைக்குப் பத்துப் பேர். நான் எட்டிப் பாத்ததுதான், கத்தி பிடிக்கேல்லை. நீங்கள் வெட்டினனீங்களோ?”

“ஓம் சேர். எங்களில ஆக்கள் குறைவு. ஆளுக்கொரு தவளை தந்தவை.”

“அப்ப நீங்கள் காட்டுங்கோ. நானும் பிள்ளையளோட நிண்டு பாக்கிறன்.”

வெட்டிக் காட்டினேன். அவர் மாணவர்களுக்கு நடுவில் நின்று குறிப்பெழுதினார். நான் வென்ற நாள்தான் அது. ஆனால் அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால், காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருப்பேன். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகவே இருக்கிறது.