தட்டைத் திருப்பி வைத்த காலை

மீஞ்சூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாமே கைவேலைதான். ஆன்டிபயாடிக் மருந்தின் வீரியத்தைக் கிருமியை வைத்தே அளப்போம். தட்டில் ஜெல்லி போல உறையும் அகாரில் கிருமியைக் கலந்து, சிறு குழிகள் போட்டு, மருந்துக் கரைசலை விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்போம். மறுநாள் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்கும். வட்டம் பெரிதானால் வீரியம் அதிகம். வேலையில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன் காலிப்பரால் அளந்து சொல்ல, நான் கணக்குப் போடுவேன்.

போன வருஷம் மிஷின் வந்தது. கரைசலை விட ஓர் இயந்திரக் கை, வட்டத்தை அளக்க ஒரு கேமரா, அகலமான சதுரத் தட்டுகள். ஓட்டும் பொறுப்பை எங்கள் மேடம் என்னிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், நைனா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். சிப்பி கிழித்துச் சீழ் வைத்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மிஷின் வந்துச்சுனா உன்ன வூட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களா?"

"அத ஓட்டப் போறதே நான்தான் நைனா."

"இந்த மாத்திரைல சத்து கீதானு அது சொல்லிடுமா?"

"நான் கேட்டா சொல்லும்."

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த வாரமே மிஷின் வம்பு பண்ணியது. ஒரே மருந்தை ஒரே அளவு விட்டிருந்தும், தட்டின் இடது ஓரத்து வட்டங்களைச் சிறிதாகக் காட்டியது.

"கேமரா சரியில்ல. திருப்பி அனுப்பிடலாம்," என்றார் அண்ணன். மேடம் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றேன். தட்டை எடுத்து இடது வலதாகத் திருப்பி வைத்து மறுபடி அளக்கவிட்டேன். கேமராவில் கோளாறு என்றால் மறுபடியும் இடப்பக்கம்தான் சிறிதாகத் தெரிய வேண்டும். இல்லை, சிறிய வட்டங்கள் தட்டோடு வலப்பக்கம் வந்துவிட்டன.

"கேமரா சரியாத்தான் சொல்லுது. தட்டுலதான் ஏதோ கீது."

அகார் ஊற்றும் மேஜையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் அகார் தடிமனாக உறைந்து, மருந்து பக்கவாட்டில் பரவாமல் கீழே இறங்கி, வட்டம் சுருங்கியிருக்கிறது. பழைய சின்னத் தட்டுகளில் இந்தச் சாய்வு எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

மேஜைக் காலைச் சரிசெய்து புதுத் தட்டு போட்டோம். மறுநாள் வட்டங்கள் ஒன்றுபோல் வந்தன. அண்ணன் நம்பாமல் காலிப்பரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு அதைத் துடைத்தபடியே, "எனக்கும் இத ஓட்டக் கத்துக் குடும்மா," என்றார். நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தேன். அதற்குள் கை ஆறி, நைனாவும் ஏரிக்குத் திரும்பியிருந்தார்.

இப்போது வைட்டமின் சோதனைக்கும் மிஷின் வந்துவிட்டது. அதில் விஷயம் தலைகீழ். வைட்டமின் கிருமிக்குத் தீனி. கிருமி வளர்ந்து சோதனைக் குழாயில் உள்ள கரைசல் எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு சத்து. அதை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். எண் ஏதாவது இடித்தால், "வாம்மா, வந்து பாரு," என்று குரல் கொடுப்பார். பல நாள் நான் எழுந்து போவதற்குள் அவரே காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்.